பழைய கம்பியும் புதிய வட்டையும்

கோலார் தங்கவயலைப் பற்றிய பேச்சு என்றால் அது பொன்னைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 1880 ஆம் ஆண்டு முதல் 2001 ஆம் ஆண்டு வரை அம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட பொன் ஏறத்தாழ 800 டன் என்பர். ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பொன் அன்று, இரும்பு. அதிலும் இரண்டு மில்லிமீட்டர் கனமே உள்ள ஒரு கம்பி. சைக்கிள் சக்கரத்தின் ரிம் கெட்டுப்போனால், பழைய கம்பிகளையும் நடுவிலுள்ள பழைய ஹப்பையும் வைத்துக்கொண்டு ரிம்மை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா? அல்லது சக்கரம் முழுவதையும் கழித்துவிட வேண்டுமா?

கேட்பதற்கு இது மிகச் சிறிய கேள்வி. ஆனால், தேய்ந்தது எது, தேயாதது எது என்று பிரித்தறியும் அறிவின் நெடிய வரலாறு இதற்குள் அடங்கியிருக்கிறது. அந்த அறிவு தங்கவயலில் தரைக்கு மேலேயும் வேண்டியிருந்தது. தரைக்குக் கீழேயும் வேண்டியிருந்தது. மேலே அது தவறினால் ஒரு தொழிலாளியின் பணம் வீணாகும். கீழே அது தவறினால் உயிர் போகும்.

தங்கவயலின் அமைப்பை ஒருமுறை நினைவுக்குக் கொண்டுவருவோம். பொன் கலந்த பாறைப்படிவம் அங்கே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. அதன்மேல் வரிசையாக அமைந்தவை நந்திதுர்க்கம், ஊர்காம், சாம்பியன் ரீப், மைசூர் முதலிய சுரங்கங்கள். 1875 ஆம் ஆண்டில் மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ்காரர் மைசூர் அரசிடமிருந்து பொன் தேடும் உரிமையைப் பெற்றார். 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து சேர்ந்தனர். 1894 ஆம் ஆண்டில் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. 1902 ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஆகிய மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் பல்லாயிரவர் குடும்பத்தோடு சென்று குடியேறினர். ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் தமிழ் ஒலிக்கும் ஊர்களாயின. சங்கொலிக்குக் கட்டுப்பட்டு வேலை செய்யும் அத்தகைய ஊரில், சைக்கிள் என்பது உல்லாசப் பொருள் அன்று. தொழிலாளியின் கருவிகளுள் ஒன்று.

சைக்கிள் சக்கரத்துக்கு வருமுன், நம் மக்கள் கிராமங்களில் விட்டுவந்த மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சற்று நோக்குவோம். அதன் நடுவில் இருப்பது குடம். குடத்திலிருந்து நாற்புறமும் நீட்டி நிற்பவை ஆரக்கால்கள். ஆரக்கால்களின் நுனிகளைப் பிணைத்து வட்டமாக வளைந்திருப்பது வட்டை. வட்டையின்மேல் பழுக்கக் காய்ச்சி ஏற்றப்படுவது இரும்புப்பட்டை. காய்ந்த பட்டை தண்ணீர் பட்டுக் குளிரும்போது சுருங்கி, வட்டையையும் ஆரக்கால்களையும் குடத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தரையில் உராய்வது பட்டை. ஆகவே முதலில் தேய்வது அதுவே. அடுத்து அடிபடுவது வட்டை. ஆரக்காலும் குடமும் தரையைத் தொடுவதே இல்லை. எனவே வண்டிப் பட்டறையின் தச்சர், பழுதான வட்டைத் துண்டைக் கழற்றிப் புதியது செருகி, பழைய குடத்தையும் ஆரக்கால்களையும் அப்படியே வைத்துக்கொள்வார். இதைக் கஞ்சத்தனம் என்று எவரும் சொன்னதில்லை. தொழில் தெரிந்தவர் செய்யும் வேலை என்றே கருதினர்.

சைக்கிள் கடைக்காரர் ரிம் என்பதுதான் நம் வட்டை. அவர் ஹப் என்பது குடம். அவர் போக்ஸ் கம்பி என்பது ஆரக்கால். உறுப்புகளின் ஒற்றுமை அவ்வளவு நெருக்கமானது. ஆனால் அவை வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. அந்த வேறுபாட்டை அறிந்தால்தான் நம் கேள்விக்கு விடை கிடைக்கும்.

மரத்தாலான ஆரக்கால் ஒரு தூணைப் போன்றது. சுமை மேலிருந்து அழுத்த, அது தரையை நோக்கி ஊன்றி நிற்கிறது. மெல்லிய கம்பியால் அவ்வாறு ஊன்றி நிற்க இயலாது, அழுத்தினால் வளைந்துவிடும். ஆனால் இழுத்தால் அது பெரும்பலம் காட்டும். இந்த உண்மையைச் சக்கரத்துக்குப் பயன்படுத்த முனைந்தவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் கெய்லி என்ற ஆங்கிலேயர். பறக்கும் பொறி ஒன்றைச் செய்ய விரும்பிய அவர், அதற்கு எடை குறைந்த சக்கரம் வேண்டி, 1808 ஆம் ஆண்டிலேயே இழுத்துக் கட்டிய சக்கரத்தைச் சிந்தித்தார். 1869 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து யூஜின் மேயர் சைக்கிளுக்குக் கம்பிச் சக்கரம் செய்து உரிமை பெற்றார். 1870 ஆம் ஆண்டில் கவெண்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் கம்பிச் சக்கரம் பூட்டிய சைக்கிளுக்கு உரிமை பெற்றனர்.

ஆயினும் ஒரு குறை இருந்தது. கம்பிகள் குடத்திலிருந்து நேராக வட்டைக்குச் சென்றதால், காலால் மிதித்துக் குடத்தைத் திருப்பும்போது அவை முறுக்கிக்கொண்டன. 1874 ஆம் ஆண்டில் ஸ்டார்லி அதற்கும் வழி கண்டார். கம்பிகளைக் குடத்தின் விளிம்பிலிருந்து சாய்வாகச் செலுத்தி, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடுமாறு பின்னினார். ஒரு பாதிக் கம்பிகள் முன்னோக்கிச் சாய, மறுபாதி பின்னோக்கிச் சாயும். மிதிக்கும் விசை இப்போது நேர் இழுவையாக வட்டைக்குச் சென்று சேர்ந்தது. இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளிலும் அதே பின்னலைக் காணலாம். பிறகு அவருடைய உறவினர் ஜான் கெம்ப் ஸ்டார்லி, 1885 ஆம் ஆண்டில் இரண்டு சக்கரமும் ஏறத்தாழச் சம அளவுள்ள ரோவர் சைக்கிளைக் கொணர்ந்தார். 1888 ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். நாம் அறிந்த சைக்கிள் அத்துடன் உருப்பெற்றுவிட்டது.

கம்பிச் சக்கரம் சுமை தாங்கும் விதம் வியப்புக்குரியது. எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இறுக்கி இழுக்கப்பட்டிருக்கின்றன. நாம் ஏறி அமர்ந்ததும், தரைக்கு நேர் மேலே உள்ள சில கம்பிகளின் இறுக்கம் மட்டும் சற்றுக் குறைகிறது. மற்றவற்றில் மாறுதல் மிகச் சிறிது. சக்கரம் உருள உருள, ஒவ்வொரு கம்பியும் தன் முறை வரும்போது தளர்ந்து, மறுபடி இறுகுகிறது. 28 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 தடவை சுழலும். நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீட்டர் செல்பவர் ஆண்டுக்கு முந்நூறு நாள் சென்றால், ஒவ்வொரு கம்பியும் ஓராண்டில் பதின்மூன்று லட்சம் தடவைக்கு மேல் தளர்ந்து இறுகும். கம்பி எவ்வளவு பாரம் தாங்கும் என்பது மட்டும் இங்கே கேள்வி அன்று. எத்தனை தடவை தாங்கும் என்பதே பெரிய கேள்வி.

இந்தக் கேள்வியை உலகில் முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஒரு சுரங்க அதிகாரி. அதனால்தான் தங்கவயலையும் சைக்கிள் கம்பியையும் ஒரே பேச்சில் சேர்த்தேன். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் கிளவுஸ்தால் என்ற சுரங்க ஊர் உண்டு. அங்கே பணியாற்றிய வில்ஹெல்ம் ஆல்பர்ட், சுரங்கத்தில் பாரம் தூக்கும் இரும்புச் சங்கிலிகள் அடிக்கடி அறுந்து விழுவதைக் கண்டார். 1829 ஆம் ஆண்டளவில் ஒரு பொறி அமைத்து, சங்கிலிமீது பாரத்தை ஏற்றுவதும் இறக்குவதுமாகப் பல்லாயிரம் தடவை சோதித்தார். ஒரு தடவை ஏற்றும்போது தாங்கக்கூடிய அதே பாரத்தை, திரும்பத் திரும்ப ஏற்றினால் இரும்பு முறிகிறது என்று கண்டறிந்தார். இதனைப் பிற்காலத்தார் உலோகச் சோர்வு என்றனர். அவர் அதோடு நிற்கவில்லை. 1834 ஆம் ஆண்டில், சங்கிலிக்குப் பதிலாக இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கினார். சுரங்கத்துக் கம்பிக்கயிறு அவ்வாறு பிறந்தது. பின்னர் ஆகஸ்ட் வோலர் என்ற பிரஷ்யப் பொறியாளர் ரயில் அச்சுகளை நீண்ட காலம் சோதித்து, இந்த அறிவை அளவைகளாக்கித் தந்தார்.

தங்கவயலில் நம் முன்னோர் இறங்கிய கூண்டு தொங்கியது எஃகுக் கம்பிக் கயிற்றில்தான். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அவ்வளவு ஆழத்துக்கு ஒரே குழியால் இறங்கவில்லை. ஒரு குழியில் இறங்கி, அங்கிருந்து மறு குழிக்கு மாறினர். ஒவ்வொரு குழிக்கும் கயிறு வேண்டும். ஒவ்வொரு கயிற்றிலும் உயிர்கள் தொங்கின. கூண்டோடு கயிறு சேரும் நுனியே பெரும்பாலும் முதலில் சோர்வடைவது. ஆகவே சுரங்கங்களில் அந்த நுனியைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை வெட்டியெறிந்துவிட்டு, மிஞ்சிய நல்ல கயிற்றை மீண்டும் பொருத்துவது வழக்கம். கயிறு முழுவதையும் வீசிவிடுவதும் இல்லை. நுனி நன்றாயிருப்பதுபோல் தோன்றுகிறதே என்று விட்டுவிடுவதும் இல்லை. எந்தப் பகுதி உழைத்துக் களைத்தது, எந்தப் பகுதி களைக்கவில்லை என்று பிரித்தறிந்து செய்யும் காரியம் அது.

சைக்கிள் கம்பிக்கும் அத்தகைய ஒரு நுனி உண்டு. குடத்தின் துளைக்குள் நுழையும் இடத்தில் கம்பி முழங்கைபோல் வளைந்து, ஒரு தலையோடு முடிகிறது. மறுமுனையில் திருகுபுரி, அதன்மேல் நிப்பிள். கம்பி முறிந்தால் பெரும்பாலும் அந்த முழங்கையிலேயே முறியும். சரியாக இறுக்கிக் கோத்த சக்கரத்தில், முழங்கை துளையோடு நன்கு படிந்து அமர்ந்துவிட்டால், கம்பி நெடுங்காலம் உழைக்கும். அதற்குள் வட்டை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மாற வேண்டியிருக்கலாம். ஏனெனில் வட்டை படும் துன்பம் வேறு. மழைநீர் தேங்கித் துருப்பிடிப்பது அதில். காற்றுக் குறைந்த டயரோடு கல்லில் மோதி நெளிவது அது. பிரேக் கட்டைகள் நாள்தோறும் உராய்ந்து தேய்ப்பதும் அதையே. குடமோ தரையையும் தொடுவதில்லை, பிரேக்கையும் தொடுவதில்லை. அதற்குள் உருளும் குண்டுகளும், அவை அமரும் கப்பும் கோனும் தேய்ந்தால், அவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முன் சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்துச் சிறு குண்டுகள், பின் சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது பெரிய குண்டுகள் என்பது பழைய சைக்கிள்களின் பொதுக் கணக்கு.

இனி நம் நாட்டின் கதைக்கு வருவோம். தொடக்கத்தில் இந்தியாவில் ஓடிய சைக்கிள்கள் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. முதலிய பெயர்கள் நம் பாட்டனார் வாயில் புழங்கியவை. அந்தச் சைக்கிள்களுக்குள் ஒரு நல்ல பொதுமை இருந்தது. சாதாரணச் சாலைச் சைக்கிளுக்கு 28 அங்குலச் சக்கரம். முன் சக்கரத்துக்கு 32 கம்பி. சுமையும் மிதிவிசையும் ஏற்கும் பின் சக்கரத்துக்கு 40 கம்பி. இந்த அளவு பரவலாக நிலைத்ததால், ஒரு கம்பெனியின் குடத்துக்கு மற்றொரு கம்பெனியின் வட்டை பொருந்தியது. உதிரி உறுப்புகளைக் கலந்து பயன்படுத்தும் வழக்கம் இந்தப் பொதுமையின்மேல்தான் எழுந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது அவ்வழக்கம் கட்டாயமாயிற்று. பி.எஸ்.ஏ. என்பதே பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயர்ச் சுருக்கம். போர்க்காலத்தில் அத்தகைய தொழிற்சாலைகள் ஆயுதம் செய்வதிலேயே முனைந்தன. கப்பலில் இடம் கிடைப்பது அரிதாயிற்று. 1942 ஆம் ஆண்டில் மலேயாவை ஜப்பானியர் கைப்பற்றவே ரப்பருக்கும் பெருந்தட்டுப்பாடு உண்டாயிற்று. புதிய உறுப்பு எளிதில் கிடைக்காத காலத்தில், பழைய உறுப்பைத் தேர்ந்து பயன்படுத்தத் தெரிந்தவரே சைக்கிளை ஓட்ட முடிந்தது.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1949 ஆம் ஆண்டில், முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து நிறுவிய டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை, சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்களைச் செய்யலாயிற்று. ஆசன்சோலில் சென்-ராலே, 1951 ஆம் ஆண்டில் சோனேபட்டில் அட்லஸ், 1956 ஆம் ஆண்டில் லூதியானாவில் ஹீரோ எனத் தொழிற்சாலைகள் தோன்றின. லூதியானாவின் சிறு பட்டறைகள் கம்பி, நிப்பிள், குடம், வட்டை ஆகியவற்றைத் தனித்தனியே செய்து நாடெங்கும் அனுப்பின. உறுப்பு தனித்தனியே விலைக்குக் கிடைக்கவே, எந்தச் சிற்றூரிலும் ஒரு மரத்தடியில் சைக்கிள் கடை நடத்த முடிந்தது. சக்கரத்தின் கோட்டம் எடுப்பவர் என்ற ஒரு தொழிலாளர் வகுப்பே நாடெங்கும் உருவாயிற்று.

அவர் வட்டை மாற்றும் முறையைச் சொல்கிறேன். முதலில் டயரையும் டியூபையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு நிப்பிளின் அடியிலும் ஒரு துளி எண்ணெய் விடுவார். பிறகு எல்லா நிப்பிள்களையும் ஒரு சுற்று, அரைச் சுற்றாக, முறை வைத்துத் தளர்த்துவார். ஓரிடத்தை மட்டும் ஒரேயடியாகத் தளர்த்தினால் மற்றக் கம்பிகளின்மேல் பாரம் ஏறும். அடுத்து, புதிய வட்டையைப் பழைய வட்டையின் பக்கத்தில் ஒட்டி வைத்து, காற்றுவாய்த் துளைகள் இரண்டும் நேராக இருக்குமாறு பார்த்து, மூன்று நான்கு இடங்களில் கட்டுவார். வட்டையின் துளைகள் ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமுமாகச் சற்றே விலகியிருக்கும். இரண்டு வட்டையிலும் அந்த வரிசை ஒன்றாயிருக்க வேண்டும். பின்னர் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பழைய துளையிலிருந்து எடுத்துப் புதிய துளையில் செருகி நிப்பிளை மாட்டுவார். குடத்திலிருந்து ஒரு கம்பியைக்கூட உருவமாட்டார். எல்லாம் மாறியதும் பழைய வட்டை தானே விடுபட்டுவிடும்.

குடத்திலிருந்து ஏன் உருவக் கூடாது? ஒவ்வொரு கம்பியின் முழங்கையும் தன் துளைக்கேற்பப் படிந்து அமர்ந்திருக்கிறது. விளிம்பின் உட்புறம் தலை வைத்திருந்த கம்பியை வெளிப்புறம் தலை வருமாறு மாற்றிச் செருகினால், முழங்கை மறுபடியும் வேறு விதமாக வளைய நேரும். பழகிய இடத்தில் நெடுநாள் உழைத்திருக்கக்கூடிய கம்பி, இடம் மாறியதால் விரைவில் முறியக்கூடும். கம்பியைக் காப்பாற்ற வேண்டுமானால், அது இருந்த இடத்திலேயே அதை இருக்கவிட வேண்டும்.

கோத்து முடிந்தபின் இறுக்கும் வேலை. சக்கரத்தைச் சுழலவிட்டு, பக்கவாட்டில் ஆடுகிறதா, மேலும் கீழும் துள்ளுகிறதா என்று பார்த்துக் கோட்டம் எடுப்பார். இறுக்கத்தை அறிய அவர் பயன்படுத்துவது காது. கம்பியை விரலால் சுண்டினால் ஓர் ஓசை எழும். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலித்தால் இறுக்கம் சமம். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. கடைசியில் இணையாகச் செல்லும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் பிடித்து நன்றாக நெருக்குவார். அதனால் முழங்கைகள் மீண்டும் ஒழுங்காக அமர்கின்றன. பிறகு இன்னொருமுறை கோட்டம் பார்த்து முடிப்பார்.

எல்லாச் சக்கரத்துக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. அதனையும் நல்ல தொழிலாளி மறைக்கமாட்டார். புதிய வட்டையின் உள்ளளவு பழையதற்குச் சமமாக இருந்தால்தான் பழைய கம்பியின் நீளம் சரியாகும். கம்பி நீண்டுபோனால் நிப்பிளைக் கடந்து டியூபைக் குத்தும். குட்டையானால் இரண்டு மூன்று புரியில் மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கும். கம்பி துருவேறி அரித்திருந்தாலும், திருகுபுரி மழுங்கியிருந்தாலும், செயின் நழுவிக் கம்பிகளைக் கீறியிருந்தாலும் அவற்றைக் கழிக்க வேண்டும். குடத்தின் விளிம்பில் வெடிப்புக் கண்டால் குடத்தையும் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. விபத்து எதுவும் இல்லாமல் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறியத் தொடங்கிவிட்டால், மிஞ்சியிருப்பவையும் அதே அளவு உழைத்துக் களைத்தவை என்று பொருள். முறிந்ததை மட்டும் மாற்றிக்கொண்டே போவது வீண். அப்போது கம்பி முழுவதையும் மாற்றிவிட வேண்டும். நிப்பிள்கள் விலை மலிந்தவை. மூலை மழுங்கியவை பிறகு சாவிக்குப் பிடிபடா. ஆகவே அவற்றை வட்டையோடு புதிதாக்கிக்கொள்வதே நலம்.

பழையது எல்லாம் நல்லது என்பதும் பிழை. பழையது எல்லாம் கழிவு என்பதும் பிழை. இதை வறுமை கற்றுத் தந்த பாடம் என்று சிலர் சொல்வர். வறுமை அவசியத்தைத் தரும். அறிவைத் தானாகத் தராது. 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணத்துத் தமிழர் எரிபொருளும் பேட்டரியும் மின்சாரமும் இன்றி வாழ்ந்தபோது, அவர்களைச் சுமந்தது துவிச்சக்கர வண்டிதான். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் அவர்கள் வானொலிச் செய்தி கேட்டனர். தேவை எல்லோருக்கும் இருந்தது. சக்கரத்தையும் டைனமோவையும் அறிந்த கை இருந்ததால்தான் வானொலி பேசியது.

தங்கவயல் மக்களுக்கும் இந்த அறிவு புதிதன்று. பொன் எடுத்தபின் கழிந்த பாறைப்பொடியில் மேலும் பொன் இருக்கிறது என்று கண்டு, 1887 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்தில் கண்டுபிடிக்கப்பட்ட சயனைடு முறையால் அதனையும் பிரித்தெடுத்த ஊர் அது. ஊரைச் சுற்றி இன்றும் நிற்கும் சயனைடு மேடுகள் அதற்குச் சான்று. அதே மேடுகளின் தூசி காற்றில் பறந்து வீடுகளுக்குள் வருவதும் உண்மை. எதை எடுத்துக்கொண்டோம், எதை விட்டுவிட்டோம் என்ற கணக்கில் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

சுரங்கங்கள் 1956 ஆம் ஆண்டில் மைசூர் அரசுக்கும், 1962 ஆம் ஆண்டில் மத்திய அரசுக்கும் உரிமையாயின. 1972 ஆம் ஆண்டில் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற நிறுவனம் ஏற்பட்டது. 2001 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28 ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்த ஊரை வட்டமாகப் பிடித்து வைத்திருந்த தொழில் அன்றோடு நின்றது. ஆனால் ஊர் கலைந்துவிடவில்லை. இன்று ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூர் சென்று வேலை செய்து திரும்புகின்றனர். அவர்களின் வீடும், கோயிலும், மாதா கோவிலும், தமிழ்ப் பேச்சும் அங்கேயே இருக்கின்றன. அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளை அச்சேற்றிய சித்தார்த்தா புத்தக சாலை சாம்பியன் ரீபில் இருந்தது என்பதைத் தமிழுலகம் மறக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது புதிய தொழில். புதிய மனிதர்கள் அல்லர்.

சொந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நேயர்களாகிய நீங்கள் இதை எளிதில் உணர்வீர்கள். பம்பாயிலோ டெல்லியிலோ கல்கத்தாவிலோ, உங்கள் தெருமுனையிலும் ஒரு சைக்கிள் கடை இருக்கக்கூடும். இப்போது கம்பியோடும் குடத்தோடும் கோத்து முடித்த முழுச் சக்கரமே கடையில் கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டுவது எளிது, நேரமும் மிச்சம். அதனால் கோட்டம் எடுக்கத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. அடுத்த தடவை உங்கள் சைக்கிளின் வட்டை நெளிந்தால், முழுச் சக்கரம் கேட்பதற்கு முன், கடைக்காரரிடம் கம்பிகளை ஒருமுறை சுண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவை ஒரே சுருதியில் ஒலித்தால், வட்டையை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். நீங்கள் தரும் அந்தக் கூலி உங்கள் சக்கரத்துக்கு மட்டும் அன்று. அவர் காதில் இருக்கும் அறிவு அடுத்தவருக்குச் சென்று சேர்வதற்கும்தான்.